இரண்டு தள்ளி ஒருவர்

என் மனைவிக்கு ஒரு ஜோடி இருக்கிற விஷயத்தை என் மனைவியே என்னிடம் சொன்னாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாவது இட்லிக்கும் நான்காவது இட்லிக்கும் நடுவில். நான்காவதை நான் தொடவில்லை. அறுபத்தேழு வருஷத்தில் என் தட்டில் மிஞ்சிய ஒரே இட்லி அதுதான். அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். சுகந்தி காக்காய்க்கு வைத்துவிட்டாள்.

“ஏனுங்க, என்ற நம்பருக்கு ஒரு ஜோடி இருக்குதுங்க,” என்றாள். குரலில் அப்படி ஒரு குதூகலம். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவள் குரலில் அது இல்லை என்பதற்கு என்னிடம் வீடியோ ஆதாரம் இருக்கிறது.

நம்பர் என்றால் போன் நம்பர் அல்ல. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பாஸ்வேர்டு திருடர்களின் தொல்லை தாங்காமல் அரசாங்கம் ஆளுக்கொரு பகா எண் கொடுத்ததே, அந்த நம்பர். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாத எண். அதுவும் அறுநூறு இலக்கம். சிங்காநல்லூரில் பஸ் ஏறி வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தால் காந்திபுரத்தில் இறங்கும்போது பாதிகூட முடிந்திருக்காது. நம் கடிதம், படம், டாக்டர் சீட்டு, உயில், டைரி என்று சகலத்தையும் போட்டுப் பூட்டிவைக்க ஆளுக்கொரு ‘உள்ளறை’ உண்டு. பீரோ மாதிரி கண்ணுக்குத் தெரிகிற அறை இல்லை, போனில் திறக்கிற அறை. அதற்கு அந்த எண்தான் சாவி. எண்ணை ஓர் அட்டையில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரு தடவை போனில் பதிந்துவிட்டால் பிறகு அட்டை தேவைப்படாது. அதை இன்னொருவருக்குக் காட்டினால் ஆறு மாதம் ஜெயில். கட்டின பெண்டாட்டிக்குக் காட்டினாலும் அதே ஆறு மாதம்தான், சலுகை கிடையாது.

எண்ணைத்தான் சொல்லக் கூடாது. அதன் குணத்தைச் சொல்லலாம். நம் ஜனங்களுக்கு இது போதாதா? தெருவுக்கு நாலு ‘குணம் பார்க்கும் கடை’ முளைத்தது. அட்டையைப் பெட்டிக்குள் செருகினால், மனிதக் கண் படாமல் பெட்டியே படித்துப் பார்த்துச் சான்றிதழ் அடித்துத் துப்பும். எங்கள் குடியிருப்பில் நாலாவது மாடிக்காரரின் எண்ணைத் திருப்பி எழுதினாலும் அது பகா எண்ணாம். அன்றிலிருந்து மனிதர் காலை நடையைப் பின்பக்கமாகவே நடக்கிறார். எதிர்வீட்டு அம்மாளின் எண்ணை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் அதுவும் பகா எண். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். சாமிக்கு ஒரு விளக்கு, சான்றிதழுக்கு இரண்டு. எனக்கு வந்த சான்றிதழில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘குறிப்பிடத்தக்க குணம் எதுவும் இல்லை.’ இதை என் மாமனார் நான் பெண் பார்க்கப் போன அன்றே இலவசமாகச் சொல்லிவிட்டார்.

ஆக, அக்கம்பக்கத்து எண்கள்மேல் எனக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். அதில் இப்போது வீட்டுக்குள்ளேயே ஒரு ஜோடி.

“ஜோடின்னா?” என்றேன்.

சுகந்தி முப்பத்தோரு வருஷம் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். சட்னிக் கரண்டியைச் சாக்பீஸ் மாதிரி பிடித்துக்கொண்டாள்.

“என்ற நம்பரோட ரெண்டக் கூட்டுனா, வர்றதும் பகா எண்ணுங்க. பதினொண்ணு, பதிமூணு. பதினேழு, பத்தொம்பது. அந்த மாதிரி இரட்டை. சின்ன நம்பர்ல இது சகஜம். அறுநூறு இலக்கத்துக்குப் போயிட்டா, ஒரு பகா எண்ணுக்கும் அடுத்ததுக்கும் சராசரியா ஆயிரத்து நானூறு தூரம் இருக்கும். அத்தன பெரிய பாலைவனத்துல ரெண்டே அடி தள்ளி இன்னொருத்தர் நிக்கறதுன்னா! ஆயிரத்துல ஒரு எண்ணுக்குத்தான் அப்படி அமையும்.”

“உனக்கு எப்படித் தெரிஞ்சுது? சான்றிதழ்ல வரலியே?”

“கடைக்காரங்க இந்தக் குணத்தப் பாக்கவே கூடாதுன்னு சட்டம். நானே வீட்டுல உக்காந்து கணக்குப் போட்டேன்.”

“ஏன் பாக்கக் கூடாது?”

“ஒரு நம்பர் தெரிஞ்சா ஜோடி நம்பரும் தெரிஞ்ச மாதிரிதானுங்களே. ரெண்டக் கூட்டிக் கழிக்கத் தெரியாதவங்க யாரு?”

எனக்குக் காது சூடானது. “அப்ப அந்த ஜோடி நம்பர வெச்சிருக்கறவன் உன்ற உள்ளறையத் தொறக்கலாம்?”

“ரெண்டக் கழிக்கத் தோணுச்சுன்னா தொறக்கலாம்.”

“எவன் அவன்?”

“அவன்னே முடிவு பண்ணீட்டீங்களா?” சிரித்தாள். “நீங்களே யோசிச்சுப் பாருங்க. நம்பர் வாங்குன அன்னைக்கு நீங்களும் அங்கதானுங்களே இருந்தீங்க.”

“அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல ஆருமே கெடயாதா?”

“ஒரே ஒரு எண் இருக்குது. அது எப்பவுமே ஆறால வகுபடும். ரெண்டாலயும் போகும், மூணாலயும் போகும்.”

அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, போகிறவன் வருகிறவன் எல்லாம் வகுத்துவிட்டுப் போகிற அந்தப் பரிதாப எண் நான்தான். கைகழுவப் போனேன்.

யோசித்தேன். நான் முப்பத்துநாலு வருஷம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு எந்த இடத்தில் நின்றார்கள் என்பது எனக்கு மறக்காது.

எண் வழங்கும் முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வரிசை மண்டபத்தைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, என் கணக்குப்படி கேரள எல்லைவரை போயிருந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் இயந்திரம் நாலு நிமிஷம் எடுத்தது. எங்கேயோ ஓர் அறுநூறு இலக்க எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கும். அங்கிருந்து படிப்படியாக மேலே ஏறி, முதலில் எதிர்ப்படும் பகா எண்ணை அச்சடிக்கும். அடுத்த ஆள் வந்தால் மறுபடி புதிதாக ஓர் எண்ணைப் பிடிக்க வேண்டும். அதுதான் விதி. ஒரு வண்டி மூன்று நிமிஷம் சும்மா நின்றாலே எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். நேரே கவுண்டருக்குப் போனேன்.

“ஏந் தம்பி, ஒவ்வொரு வண்டியையும் டிப்போல இருந்தா எடுப்பீங்க? நிக்கிற எடத்துல இருந்தே அடுத்தத எடுத்து உடுங்க!”

அந்த ஊழியர் திரையைப் பார்த்தார். மூலையில் ‘அடுத்தது’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினார். பத்தே நொடியில் எண் வந்தது! பிறகு யாருக்கும் அவர் புதிதாகப் பிடிக்கவில்லை. அடுத்தது, அடுத்தது என்று அமுக்கிக்கொண்டே போனார். வரிசை கைதட்டியது. ஒருவர் எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். ஆக, அன்று வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றவர்கள் எண்ணிலும் முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள். சுகந்தியின் ஜோடி, அவளுக்கு அடுத்து நின்ற ஆள்.

அடுத்து நின்றிருக்க வேண்டியது நான். சுகந்தி தலைவலிக்கிறது என்றாள், காபி வாங்கப் போனேன். போகும்போது பின்னால் நின்றவனிடம், “சார், நீங்க முன்னால நில்லுங்க, நான் வந்து பின்னால சேந்துக்கறேன்,” என்று என் இடத்தை நானே தூக்கிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அவன் கவுண்டரில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அடுத்து என் முறை.

அவன் பெயர் ஜெயவிக்ரம்.

இந்த ஜெயவிக்ரம் ஓய்வுபெற்ற நீச்சல் பயிற்சியாளன். எங்கள் குடியிருப்பிலேயே பி பிளாக். அறுபத்தாறு வயதில் தலை நிறைய முடி. தோள் ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் உட்கார்ந்து சீட்டாடலாம். காலையில் குளத்தில் பெண்களுக்குத் தண்ணீர் உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பான். சுகந்தியும் போவாள். முட்டிவலிக்கு நல்லது என்று டாக்டர் சொன்னாராம். எனக்கும் முட்டிவலி இருக்கிறது, என்னை ஏன் அந்த டாக்டர் குளத்துக்கு அனுப்பவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் குளத்தடிக்குப் போனேன்.

“வாங்ணா, வாங்ணா! தண்ணிக்குள்ள எறங்கறீங்களா?” என்றான். தண்ணீர் அவன் தோளிலிருந்து வழிய மனமில்லாமல் வழிந்தது.

“அதெல்லாம் வேண்டாம். உங்க நம்பர் எப்படிங்க? குணமெல்லாம் பாத்தாச்சா?”

“நமக்கெதுக்குங்ணா குணமும் மணமும்? அட்டைய வாங்கி உள்ள போட்டதுதான்.”

“நம்பர் வாங்குன நாள் ஞாபகம் இருக்குதா?”

“மறக்குமா! டீச்சருக்கு அடுத்தாப்புல நின்னனே. நீங்கதானே எடம் குடுத்தீங்க! அந்தப் புண்ணியத்துலதான் டீச்சர் பழக்கமே ஆச்சு.” பல்லைக் காட்டினான். முப்பத்திரண்டும் அவனுடையவை. நாற்பது இருந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன்.

என்னை அண்ணன் என்கிறான். அப்படியானால் அவளை அண்ணி என்று அல்லவா சொல்ல வேண்டும்? அதென்ன டீச்சர்?

அன்று மத்தியானம் சுகந்தியிடம் மெல்ல ஆரம்பித்தேன். “ஜோடி நம்பர் இருக்கறது தெரிஞ்சா எழுதிக் குடுக்கோணும்னு சட்டம் இருக்குதல்ல?”

“இருக்குது.”

“குடுத்தா?”

“ரெண்டுல ஒண்ண ரத்து பண்ணிப் புது நம்பர் குடுப்பாங்க. ரத்தாகற ஆளோட உள்ளறையத் தொறந்து, ஆபீசர் ஒவ்வொண்ணாப் படிச்சு, புது அறைக்கு மாத்துவாரு. வீட்டுக்காரரோ வீட்டுக்காரியோ சாட்சியா உக்காரோணும்.” பேசிக்கொண்டே அவரைக்காய் நரம்பை உரித்தவள் கையை நிறுத்தினாள். “என்ற அறைய ஒரு ஆபீசர் படிக்கறதுக்கு, அதக் கொளுத்திப் போடலாம். அத எதுக்குக் கேக்கறீங்க?”

“சும்மாதான். அதுல அப்படி என்ன இருக்குது?”

“எனக்கு மட்டும் இருக்கற எடம் அது ஒண்ணுதானுங்க. இந்த வீட்டுல பீரோ உங்க பேர்ல, கேஸ் சிலிண்டர் உங்க பேர்ல. டிவி ரிமோட்டும் உங்க கையில.”

அதற்குமேல் கேட்க முடியவில்லை. ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை. அவளுக்கு மட்டும் இருக்கிற அந்த இடத்தை ஒருவன் இரண்டைக் கழித்துத் திறந்துவிடலாம். அது நானில்லை. குளத்தில் அவன் கையைத் தூக்கினால் இவள் கையைத் தூக்குகிறாள், காலை மடக்கினால் மடக்குகிறாள். ஏழு நாள் பார்த்தேன். எட்டாம் நாள் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். அவன் எண் ரத்தானால் அவன் ஒழிந்தான். அவள் எண் ரத்தானால் சாட்சியாக உட்கார்ந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். எந்தப் பக்கம் விழுந்தாலும் எனக்கு லாபம். பொறாமை பிடித்தவன் மூளை மாதிரி வேகமாக வேலை செய்கிற இயந்திரம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

மூன்றாம் நாள் சுகந்தியின் பெயருக்கு அழைப்பு வந்தது. புகார் கொடுத்தவர் பெயர் கீழே கொட்டை எழுத்தில் இருந்தது: ம. கனகராஜ், டைம் கீப்பர் (ஓய்வு). படித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. சேலை மாற்றிக்கொண்டு வந்து, “கெளம்புங்க,” என்றாள். நாற்பது வருஷத்தில் அவள் என்னை ஒற்றை வார்த்தையில் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

எண் அலுவலகத்தில் எங்களை உட்காரவைத்தவர் இளமாறன் என்ற அதிகாரி. முப்பத்தைந்து வயது இருக்கும். மீசையை அளவெடுத்து வெட்டியிருந்தார். “வாங்க மேடம், உக்காருங்க. ஃபேன் பத்துதுங்களா?” என்று சுகந்தியிடம் கேட்டார். எனக்கும் வியர்த்துக்கொண்டுதான் இருந்தது.

“இன்னொருத்தரு இன்னும் வரலீங்களே?” என்றேன்.

“எல்லாரும் வந்தாச்சுங்க ஐயா.”

“ஜெயவிக்ரம்?”

“அவரு யாரு?” திரையைத் தள்ளிப் பார்த்தார். “ஓ, இவரா? இவரு அன்னைக்கு மேடத்துக்கு அடுத்து வந்திருக்காரு. ஆனா எண் குடுக்கல. கட்டைவிரல் ரேகை விழல. நீச்சல் மாஸ்டர் போல, எந்நேரமும் தண்ணியிலயே கெடந்து விரல் தோலு வழுக்கிப் போயிருந்திருக்குது. ஒரு வாரம் விரலக் காய வெச்சுட்டு வாங்கன்னு அனுப்பீட்டாங்க. அவரு எண் வேற நாள், வேற எடம்.”

“அப்ப ‘அடுத்தது’ பொத்தான அமுக்குனது?”

“அவருக்கு அடுத்து நின்னவருக்கு.” அதிகாரி என்னைப் பார்த்தார். “உங்களுக்குத்தாங்க ஐயா.”

நான் சுகந்தியைப் பார்த்தேன். அவள் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தாள்.

“உனக்குத் தெரியுமா?”

“ஏழு வருஷமாத் தெரியும்,” என்றாள். “அட்டையத் தலகாணி உறைக்குள்ள வெச்சுத் தெச்சீங்க. உறையத் தொவைக்கறது யாரு? மொத வரி அப்படியே என்றது. கடைசி இலக்கம் மட்டும் ரெண்டு கூட.”

அதிகாரி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நான் எதையும் கேக்கலீங்க மேடம். கேட்டா ஆறு மாசம் எழுதோணும்.”

“ஏழு வருஷமா ஏன் சொல்லல?”

“நீங்களாக் கண்டுபுடிப்பீங்கன்னு இருந்தேன். ஆயிரத்துல ஒண்ணு அமையறது, நமக்கு அமைஞ்சுது. அதுக்கப்புறம் அந்த அறையில எழுதுனதெல்லாம், நீங்க ஒருநா வந்து படிச்சாலும் படிப்பீங்கன்னு நெனச்சு எழுதுனதுதானுங்க. நேர்ல சொன்னா நீங்க எங்க முழுசாக் கேக்கறீங்க? பாதியில மணியப் பாப்பீங்க.” புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “பொறுத்துப் பாத்துட்டு, போன வாரம் சாடையா சொன்னேன். நீங்க என்னடான்னா குளத்துக்குப் போயி எட்டிப் பாக்கறீங்க.”

என் தலைக்கு அடியில், தினமும் நான் தலைவைத்துப் படுத்த இடத்தில், அவள் அறையின் சாவி ஒன்பது வருஷமாக இருந்திருக்கிறது. எனக்கு அதிலிருந்து ஓர் எண்ணைக்கூடக் கழிக்கத் தோன்றவில்லை.

“புகார வாபஸ் வாங்கிக்கறேனுங்க,” என்றேன் அதிகாரியிடம்.

“முடியாதுங்க ஐயா. பதிவான நிமிஷமே ரெண்டு அறையும் முடங்கியாச்சு. ரெண்டுல ஒண்ணு ரத்தாகணும். எதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணலாம்.” மீசையைத் தடவிக்கொண்டு சுகந்தி பக்கம் திரும்பினார். “மேடம் அறைன்னா நான் கொஞ்சம் நிதானமாவே பாத்து மாத்தித் தர்றேன்.”

நிதானமாகவா?

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் எடுத்த முடிவு தியாகம் இல்லை. எனக்காக ஏழு வருஷம் என் பெண்டாட்டி எழுதியதை, எனக்கு முன்னால், அளவெடுத்து மீசை வெட்டிய ஒருத்தன் நிதானமாகப் படிப்பதா?

“என்ற நம்பர ரத்து பண்ணுங்க,” என்றேன்.

“ஏனுங்க, யோசிச்சுத்தான் சொல்றீங்களா?” என்றாள் சுகந்தி. “அப்பறம் உங்களால என்ற அறையத் தொறக்க முடியாது.”

“தெரியுது.”

“உங்க அறையத் தொறப்பாங்க. நான் சாட்சியா இருப்பேன்.”

அதுதான் எனக்கு மறந்து போயிருந்தது. இதுவரை உங்களிடம்கூட ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். என் உள்ளறையில் உயில் இல்லை, பத்திரம் இல்லை, படம் ஒன்றுகூட இல்லை. எண் கைக்கு வந்த நாளிலிருந்து நான் அதில் போட்டுப் பூட்டியது ஒரே ஒரு வகைச் சமாச்சாரம்தான்.

அதிகாரி திறந்தார். “ஆயிரத்து நூத்தி எழுபது குறிப்பு இருக்குதுங்க,” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, சட்டப்படி உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

“‘மார்ச் 4. காலை 6.40. குளம். சு. சிரித்தாள். 6.43 வரை சிரித்தாள். நான் சொன்ன எதற்கும் அவள் மூன்று நிமிஷம் சிரித்ததில்லை.’

“‘ஜூலை 19. பகல் 11.05. காய்கறிக்காரர் கொசுறாகக் கறிவேப்பிலை கொடுத்தார். அவளுக்கு மட்டும்.’

“‘அக்டோபர் 8. மாலை 5.20. டாக்டர் நாடி பார்த்தார். ஒரு நிமிஷம் போதும். ஒன்றரை நிமிஷம் பார்த்தார்.’

“‘டிசம்பர் 11. மஞ்சள் சேலை. எதற்கு?’”

அதிகாரிக்கு மீசை நடுங்கியது. சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டில் மேஜையே லேசாக ஆடியது. நான் தரையில் ஒரு பள்ளம் விழாதா என்று பார்த்தேன். அரசாங்கக் கட்டடம், தரை கெட்டியாக இருந்தது. அவர் படித்துக்கொண்டே போனார். பால்காரர், பஸ் கண்டக்டர், இஸ்திரிக்காரர், பழைய பள்ளித் தலைமையாசிரியர் என்று கோவை ஜில்லாவில் பாதி ஆண்கள் அதில் இருந்தார்கள். மீதிப் பாதி பெயர் தெரியாதவர்கள்.

“‘ஜனவரி 30. மதியம் 2.10 முதல் 2.50 வரை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து யாரையோ நினைத்துக்கொண்டிருந்தாள். என்னை இல்லை. என்னை என்றால் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருப்பாள்.’”

அதிகாரி இதற்குச் சிரிக்கவில்லை.

“அது எந்த வருஷமுங்க?” என்றாள் சுகந்தி. அவர் சொன்னார். “எங்கம்மா போனதுக்கு அடுத்த மாசம். அம்மாவ நெனச்சுட்டு இருந்தேன்,” என்றாள். அதிகாரியிடம் சொன்னாளா, என்னிடம் சொன்னாளா, தெரியவில்லை. “நாப்பது நிமிஷமா இருந்தேன்? எனக்கே தெரியாது.”

முழுதும் படித்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. நான் அன்று சுருங்கிய சுருக்கத்தில் ஒரு சட்டைப் பைக்குள் அடங்கியிருப்பேன். சுகந்தி நடுவில் ஒரு தடவை தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டாள். கடைசிக் குறிப்பு முடிந்ததும் அதிகாரி, “சாட்சியா கையெழுத்துப் போடுங்க மேடம். ஏதாச்சும் சொல்லணும்னா எழுதலாம்,” என்றார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு, “இதுல எனக்கு ஒரு காப்பி கெடைக்குமுங்களா?” என்றாள்.

“காப்பியா? இதுக்கு வழி இல்லீங்க மேடம். ஐயா சம்மதிச்சா அச்சடிச்சுத் தரலாம்.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எதற்கு என்று கேட்கப் பயமாக இருந்தது. விவாகரத்து வழக்குக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. தலையை ஆட்டினேன்.

எனக்குப் புது எண் கொடுத்தார்கள். இந்தத் தடவை விதிப்படி நாலு நிமிஷம். இயந்திரம் எங்கேயோ போய்க் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொண்டு வந்தது. சுகந்தி அட்டையின் பின்பக்கத்தை மட்டும் பார்த்தாள், முன்பக்கத்தைப் பார்க்கவில்லை.

“பழைய எண் என்னாகுமுங்க?” என்று கேட்டேன். “வேற யாருக்காச்சும்...?”

“ரத்தானதுங்க ஐயா. இனி எந்தக் காலத்துலயும் யாருக்கும் குடுக்க மாட்டோம். மேடத்துக்குப் பக்கத்துல இனி ஆள் வராது.”

ஒன்பது வருஷமாக நான் என்ன கேட்டுக்கொண்டிருந்தேனோ அதை அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது. அவளுக்குப் பக்கத்தில் யாருமே வரமுடியாது. எனக்கும் அனுமதி இல்லை.

பஸ்ஸில் திரும்பினோம். அவள் ஜன்னல் ஓரம். அந்த அச்சடித்த கட்டு மடியில் இருந்தது, எண்பது பக்கம் இருக்கும். உக்கடம் தாண்டியது.

“உன்ற அறையில எழுதுனத எப்பவாச்சும் எனக்குப் படிச்சுக் காட்டுவியா?” என்றேன்.

“கேக்கோணும். கேட்டா யோசிக்கறேன்.”

“இப்பக் கேக்கறேன்.”

“இப்ப நான் படிச்சுட்டு இருக்கேனுங்க,” என்றாள். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருந்தாள். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி நிதானமாகப் போனாள். ராமநாதபுரம் நிறுத்தத்தில் திடீரென்று சிரித்தாள். பிறகு ஒரு பக்கத்தின் ஓரத்தை மடித்து அடையாளம் வைத்துக்கொண்டாள்.

“எந்தப் பக்கம்?” என்றேன்.

“சொல்ல மாட்டேன்.”

எட்டிப் பார்த்தேன். தாள்களை ஜன்னல் பக்கம் சாய்த்துக்கொண்டாள். மறுபடி சிரித்தாள், இந்தத் தடவை சத்தமே இல்லாமல், தனக்குள். ஒன்பது வருஷம் ஒரு நாள்கூட விடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்த அந்த மனுஷன்மேல் எனக்கு அப்போது வந்த பொறாமை இருக்கிறதே, அதற்கு முன்னால் ஜெயவிக்ரம் எல்லாம் வரிசையில்கூட நிற்க முடியாது.